அன்றாட விசாரணை: சபையில் உதவிக்காரர் யார்?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. ஆனேகல் தாலுகாவைச் சேர்ந்தது. சற்றுத் தொலைவு போனால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி வந்துவிடும். கடைத்தெருவில் கன்னடத்தில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும், தமிழில் பேரம் படியும். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் சிப்காட் வரை நீளும் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இந்தியையும் சேர்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை சபை கூடும்போது, பாஸ்டருக்கு அடுத்தபடியாக எல்லாரும் தேடுகிற ஆள் ஒருவர் இருப்பார். காணிக்கைப் பையை எடுத்துவருவார். திருவிருந்துத் தட்டை நீட்டுவார். வாடகை ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவார். பேச்சில் அவர் 'டீக்கன்'. வேதாகமத் தமிழில் 'உதவிக்காரர்'.

அந்தப் பொறுப்பு எதற்காக உண்டானது என்று தேடிப்போனால், அத்திபெலேயைப் போலவே பல மொழி புழங்கிய ஒரு நகரத்தில், சாப்பாட்டுப் பங்கீட்டில் வந்த ஒரு மனத்தாங்கலில் போய் நிற்கிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் சொல்லும் செய்தி அது. எருசலேமின் முதல் சபையார் தங்களிடம் இருந்ததைப் பொதுவில் வைத்து, இல்லாதவர்களுக்கு நாள்தோறும் பகிர்ந்துவந்தார்கள். அவர்களில் அரமாயிக் பேசிய உள்ளூர் யூதரும் இருந்தனர், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய, கிரேக்கம் பேசிய யூதரும் இருந்தனர். இரண்டாம் சாராரின் விதவைகள் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நூல் சொல்லவில்லை. பங்கிட்டவருக்கு அந்த மூதாட்டிகளின் பேச்சு விளங்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் எந்தச் சந்தில் குடியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். முணுமுணுப்பு கிளம்பியது. பன்னிரு அப்போஸ்தலரும் சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே பொறுப்பை விட்டார்கள்.

ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. சபை தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். கிரேக்கப் பெயர் வைத்திருப்பதாலேயே ஒருவர் கிரேக்கம் பேசுபவராகிவிட மாட்டார் என்பது உண்மைதான். அப்போஸ்தலரில் அந்திரேயாவுக்கும் கிரேக்கப் பெயரே. ஆனால் பட்டியலில் ஓர் எபிரெயப் பெயர்கூட இல்லாமல் ஏழும் ஒருசேர அப்படி அமைவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் வரும் நிக்கொலா அந்தியோகியா நகரத்தார். பிறப்பால் யூதர்கூட இல்லை, அந்த மார்க்கத்தில் சேர்ந்தவர். அதாவது யார் குறை சொன்னார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பங்கீட்டுப் பொறுப்பு முழுவதையும் சபை ஒப்படைத்துவிட்டது. பெரும்பான்மையினர் நாலு, சிறுபான்மையினர் மூன்று என்று இடம் பிரித்துக்கொள்ளவில்லை. உதவிக்காரர் பதவியைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட முக்கியமான செய்தி வேறொன்றில்லை.

இன்னொரு நுட்பத்தையும் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். விதவைகளுக்குச் சோறு பங்கிடுவதற்கும், அப்போஸ்தலர்கள் வசனத்தைப் போதிப்பதற்கும் அந்த அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்தான்: தியாக்கோனியா. 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் திருப்புதல், முதலாவதை 'அன்றாட விசாரணை' என்றும் இரண்டாவதை 'ஊழியம்' என்றும் பெயர்த்தது. விசாரணை என்பது அருமையான சொல். இன்று அதைக் கேட்டதும் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. முன்பு அதற்குக் கவனித்துக்கொள்வது, நலம் கேட்பது, குறைவைத் தெரிந்து நிறைவு செய்வது என்றெல்லாம் பொருள். உறவினரைப் பற்றி "நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்கிறோமே, அந்த விசாரணை. ஆனால் ஒரு சொல் இரண்டானபோது சோறு வேறு, வசனம் வேறு என்ற எண்ணம் நம் சபைகளில் எளிதாகக் குடிபுகுந்துவிட்டது. ஊழியம் என்றால் பிரசங்கம், விசாரணை என்றால் எடுபிடி வேலை.

அந்த ஏழு பேரை 'தியாக்கோன்' என்ற பெயர்ச்சொல்லால் அப்போஸ்தலர் நடபடிகள் எங்கும் அழைக்கவில்லை. அவர்களை அந்தப் பதவியின் தொடக்கமாகக் கண்டவர் இரண்டாம் நூற்றாண்டின் இரனேயு. பதவியாக அது தெளிவாகத் தெரிவது பவுலின் பெயரிலுள்ள நிருபங்களில். பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் கண்காணிகளையும் உதவிக்காரரையும் சேர்த்து வாழ்த்துகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் தகுதிகளைச் சொல்கிறது: குடிவெறி கூடாது, இழிவான ஆதாயத்தின்மேல் ஆசை கூடாது, குடும்பத்தை நன்றாக நடத்துபவராக இருக்க வேண்டும், முதலில் சோதித்துப் பார்த்தே அமர்த்த வேண்டும். பிரசங்கத் திறமை பட்டியலில் இல்லை. பிறர் காசும் பிறர் வீட்டுக் கஷ்டமும் கையில் வந்து சேரும் ஒருவருக்கு வேண்டிய குணங்கள் இவை.

கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வந்தது. அந்த மரபில் தியாக்கோனுக்குத் 'திருத்தொண்டர்' என்று பெயர். சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கு அவரே வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பரும், மழை இரவில் வந்த அடியாருக்காக அன்று விதைத்த நெல்லையே வாரிவந்து சமைத்த இளையான்குடி மாறரும் அந்தச் சொல்லுக்குள் நிற்பவர்கள். கையும் காலும் நோக உழைப்பது தமிழில் தொண்டு என்ற சொல்லிலேயே இருக்கிறது. கிரேக்கத்துக்கு இத்தனை நெருக்கமான சொல் தமிழுக்கு வாய்த்தது நம் பேறு.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் இந்தப் பணி எப்படி நடந்தது என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. கி.பி. 155 வாக்கில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு வழிபாடு முடிந்ததும் வராதவர்களின் வீடுகளுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தை எடுத்துச் சென்றார்கள் என்கிறார். 251-இல் உரோமைச் சபையின் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். அந்தச் சபையில் 46 மூப்பர், 7 உதவிக்காரர், அவர்களுக்குத் துணையாக 7 பேர். சபை தாங்கிய விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். எருசலேமின் ஏழு என்ற எண்ணை உரோமை அப்படியே வைத்துக்கொண்டது. 258-இல் கொல்லப்பட்ட லாரன்சு அந்த ஏழு பேரில் ஒருவர். சபையின் சொத்தைக் கொண்டுவா என்று அரசு அதிகாரி கேட்டபோது நகரத்து ஏழைகளைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார் என்று மரபு சொல்கிறது. அது அப்படியே நடந்ததா என்று ஆராய்வோர் ஆராயட்டும். ஓர் உதவிக்காரரைப் பற்றி அந்தக் காலம் எந்தக் கதையை நம்ப விரும்பியது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெண்களும் இருந்தார்கள். கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்குப் பவுல் தருவது ஆண்களுக்குத் தந்த அதே 'தியாக்கோன்' என்ற சொல். ஆனால் நம் பழைய திருப்புதல் ஆண்களை 'உதவிக்காரர்' என்றும் பெபேயாளை 'ஊழியக்காரி' என்றும் பெயர்த்தது. பதவி அவளிடம் வந்ததும் வேலையாகிவிட்டது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி, சபையில் பணிப்பெண்டிர் என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசருக்கு எழுதினார். சபையில் பொறுப்பு வகித்த அந்த இருவரும் சமூகத்தின் கணக்கில் அடிமைகள்.

பிறகு சரிவு. 325-இல் கூடிய நிசேயா சங்கம், திருவிருந்தில் குருக்களை முந்தக் கூடாது என்று உதவிக்காரர்களுக்குத் தடை போட வேண்டியிருந்தது. பணம் கையில் இருந்தவர்களுக்கு இடம் பெரிதாகப் பட்டிருக்கிறது. மேற்குத் திருச்சபையில் நாளடைவில் அந்தப் பதவி குருவாவதற்கு முந்தைய படியாகச் சுருங்கியது.

கிழக்கின் மரபிலோ அது வேறு விதமாக வளர்ந்தது. கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்குப் பாரசீகத்திலிருந்து ஆயர்கள் வருவார்கள். வழிபாடு அவர்கள் பொறுப்பு. சமூகத்தை நடத்தியவரோ உள்ளூர்க்காரரான அர்க்கதியாக்கோன், தலைமை உதவிக்காரர். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் போர்ச்சுக்கீசியச் சேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று கூனன் குரிசுச் சத்தியம் நடந்தபோது மக்களின் தலைவராக இருந்தவர் அர்க்கதியாக்கோன் தோமா. அந்த ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் அவரையே ஆயராக்கினார்கள். வெளியார் வந்து போகும் சபையில் மண்ணின் மொழி தெரிந்தவரிடம் ஆட்சி தங்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தப் பதவி ஒரு குடும்பத்துக்குள்ளேயே கைமாறிவந்தது. எருசலேமில் சபையார் கூடித் தெரிந்தெடுத்ததற்கும் அதற்கும் நெடுந்தூரம்.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் கதையில் உதவிக்காரர் பெரும்பாலும் படியாகவே வருகிறார். தரங்கம்பாடியில் 1733-இல் ஆரோன் ஐயர் லுத்தரன் முறைப்படி நேரே குருவானார். ஆங்கிலிக்கத் திருச்சபையிலோ டீக்கன் படியைக் கடந்தாக வேண்டும். ஜான் தேவசகாயம் 1830-இல் டீக்கன், 1836-இல் குரு. அசரியா 1909-இல் டீக்கன், 1912 டிசம்பரில் இந்தியரான முதல் ஆங்கிலிக்கப் பேராயர். யார் கைவைத்து இந்தியரை அபிஷேகம் செய்வது என்ற வழக்கில்தான் திருநெல்வேலியின் ரேனியஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் 1830-களில் பிளவு வந்தது. அவ்வளவு சண்டையும் குருத்துவத்தைப் பற்றியது. விசாரணையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

அந்த வேலையை அப்போது யார் பார்த்தார்கள்? ஊருக்கு ஊர் உபதேசியார் பார்த்தார். வீடு வீடாகப் போன வேதாகமப் பெண் பார்த்தாள். கோயிற்பிள்ளை பார்த்தார். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைத்த தாய்மார்கள் பார்த்தார்கள். அந்தப் பிடியரிசி சபைக்கு வந்து, இல்லாதவர் வீட்டுக்கும் போனது. தென்மாவட்டங்களில் ஆண்டுதோறும் நடக்கும் அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காருகிறது. இலை விடுபட்டவர் யார் என்று பார்த்து ஓடுகிறவர்களுக்குத் திருநிலைப்பாடும் இல்லை, அங்கியும் இல்லை. முதல் நூற்றாண்டின் பொருளில் அவர்களே உதவிக்காரர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பெங்களூரின் சீர்திருத்தச் சபை வரலாறும் மொழியில் தொடங்குகிறது. 1809-இல் தண்டுப்பகுதி உண்டானபோது படையோடு தமிழர் வந்து குடியேறினார்கள். 1820-இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் லெய்ட்லரும் ஃபோர்ப்ஸும் இங்கே பணி தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தார் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர். அந்த மரபில் பேராயர் கிடையாது. சபையார் தங்களுக்குள்ளிருந்து தெரிந்தெடுக்கும் டீக்கன்மார், பாஸ்டரோடு சேர்ந்து சபையை நடத்துவார்கள். அவர்கள் ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்துக்கொண்டே பொறுப்பு வகித்தவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த மரபும், பேராயர்–குரு–டீக்கன் என்ற ஆங்கிலிக்க மரபும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நடைமுறையில் வென்றது படி. இறையியல் கல்லூரி முடித்தவர் டீக்கனாகிச் சிறிது காலத்தில் குருவாகிறார். தமிழ்ப் பகுதிகளில் அவரை 'உதவிகுரு' என்கிறார்கள். உதவிக்காரர் ஏழைகளுக்கு உதவுபவர், உதவிகுரு குருவுக்கு உதவுபவர். ஒரு சொல்லில் இத்தனை இழப்பு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1952-இல் பெண்களுக்கான ஊழிய அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. அதை முதலில் வழிநடத்தியவர் அசரியாவின் வாழ்க்கையை எழுதிய கேரல் கிரகாம். அந்தச் சகோதரிகளின் தாயகம் பெங்களூர் இன்ஃபன்ட்ரி சாலையில் இருக்கும் விஸ்ராந்தி நிலையம். பள்ளியிலும் விடுதியிலும் மருத்துவமனையிலும் அவர்கள் செய்தது பெபேயாளின் வேலை.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பதவியை மீட்க முயன்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நிலையான திருத்தொண்டர் பணிக்கு வழி திறந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் அதற்கு விதிகள் வகுத்தார். மணமானவரும் ஆகலாம், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மனைவி சம்மதிக்க வேண்டும். அவர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணம் நடத்திவைக்கலாம், அடக்கம் செய்யலாம், மறையுரை ஆற்றலாம். திருப்பலி நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் முடியாது. இன்று உலகில் இப்படிச் சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காக்களிலும். ஆசியாவில் சில நூறு பேர்தான். மும்பை போன்ற சில இடங்களைத் தவிர இந்திய மறைமாவட்டங்கள் இதில் ஆர்வம் காட்டவில்லை. குருக்களுக்குப் பஞ்சம் இல்லாததைக் காரணமாகச் சொல்வார்கள். அது சரியான காரணமாக எனக்குப் படவில்லை. குரு பற்றாக்குறையை நிரப்ப உண்டான பதவி இல்லை இது. பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில் எந்த மொழியில் வழிபாடு என்ற சச்சரவு பல பத்தாண்டுகளாகப் புண்ணாக இருந்துவருகிறது. மொழிக் குறையிலிருந்து பிறந்த ஒரு பணியை அந்த நகரமே மறந்திருப்பது வருத்தம் தருகிறது.

பாப்டிஸ்ட் சபைகளிலும், பிரதரன் சபைகளிலும், தன்னாட்சியுடைய பல சபைகளிலும் டீக்கன் இன்றும் உயிரோடு இருக்கிறார். பாப்டிஸ்ட் மரபில் சபைக்கு இரண்டே பதவிகள்: பாஸ்டர், டீக்கன். சபையார் கூடித் தெரிந்தெடுப்பதால் எருசலேமுக்கு மிக அருகில் இருப்பது இந்த முறைதான். ஆனால் நடப்பில் டீக்கன்மார் கூடினால் கட்டட நிதி, ஒலிபெருக்கி, பாஸ்டர் சம்பளம் என்று பேச்சு போய்விடுகிறது. நிர்வாகக் குழு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, வாடகை கட்டாவிட்டால் சபை தெருவில் நிற்கும். ஆயினும் இந்த வாரம் யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருக்கு வேலை போனது, எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது அந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக இருக்க வேண்டும். கணக்கு அதற்குப் பிறகு.

உதவிக்காரர் இருநாக்குடையவராக இருக்கக் கூடாது என்கிறது தீமோத்தேயு நிருபம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று பேசக் கூடாது என்பது பொருள். அத்திபெலேயில் அவருக்கு மூன்று நாக்காவது வேண்டும், மூன்றிலும் ஒரே சொல் வர வேண்டும்.

2023 அக்டோபர் 7 அன்று இந்த ஊரில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. பதினான்குக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தீபாவளிக் கூலிக்கு வந்த இளைஞர்கள், அவர்களில் மாணவர்களும் உண்டு. அவர்கள் எந்தச் சபையின் உறுப்பினர் என்பது இங்கே கேள்வியே இல்லை. எல்லையைத் தாண்டி வேலைக்கு வருகிறவனை இந்த ஊரில் விசாரிக்க யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். ராஞ்சியில் 1845-இலிருந்து கிறிஸ்தவ சபை உண்டு. வந்தவர்களில் ஞாயிறன்று கோயில் தேடும் பெண்களும் இருப்பார்கள். தமிழ் ஆராதனையின் கடைசி வரிசையில், பாட்டு புரியாமல், சட்டைப் பையில் ஆலை அடையாள அட்டையோடு வந்து உட்காரும் பெண் ஒருத்தி நம்மிடையே இருந்தால், எருசலேமின் கிரேக்க விதவை அவள்தான்.

இந்தத் தமிழ்ச் சபைகளில் நாம் பெரும்பாலோர் ஒருகாலத்தில் வெளியூர்க்காரராக வந்தவர்கள். இப்போது பங்கிடும் இடத்தில் இருக்கிறோம். ஆகவே அத்திபெலே, சந்தாபுரா, ஓசூர்ச் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உதவிக்காரரைத் தெரிந்தெடுக்கக் கூடும்போது, நமக்குப் பழகிய முகங்களை மட்டும் முன்மொழியாதீர்கள். உங்கள் சபையில் யாருடைய பேச்சு உங்களுக்குப் புரியவில்லையோ அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒரு பெயரையாவது, அது ஒரு பெண்ணின் பெயராக இருந்தாலும், அந்தப் பட்டியலில் எழுதுங்கள்.